மகஜரை யாரிடம் கொடுப்பது? மலேசியாவில் முடிவெடுப்பவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆலய நிலம், தமிழ்ப்பள்ளி நிலம், குடியுரிமை, தண்டனைக் குறைப்பு ஆகியவை தொடர்பான கோப்புகளைப் பார்க்கும் வழக்கறிஞன் நான். அண்மையில் என்னிடம் வந்த ஓர் ஆலய நிர்வாகக் குழுவின் கோப்பைப் படித்து முடித்தபோது, இதை இனியும் எழுதாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியது. அவர்களுடைய நில விண்ணப்பத்துக்கு மாநில அரசு ஒப்புதல் அளித்து, கட்ட வேண்டிய தொகையையும் கெடுவையும் குறிப்பிட்டு 5ஏ படிவத்தை அனுப்பியிருந்தது. தொகை அதிகம், அதைக் குறைக்க வேண்டும் என்று கேட்டு அவர்கள் மாமன்னரின் அரண்மனைக்கு ஒரு மகஜரும் பிரதமர் அலுவலகத்துக்கு இன்னொரு மகஜரும் கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். கெடு கடந்துவிட்டது. கெடுவுக்குள் பணம் செலுத்தப்படாவிட்டால் ஒப்புதல் தானாகவே காலாவதியாகும் என்பது தீபகற்ப மலேசியாவுக்குரிய தேசிய நிலச் சட்டத்தின் தெளிவான விதி. தொகையைப் பற்றி முறையிட வேண்டிய மாநில அரசுக்கு மட்டும் ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

இத்தகைய கோப்புகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே நம்பிக்கைதான்: “மாமன்னர் மனம் வைத்தால் முடியாதது எது?” இந்த நம்பிக்கையில் பக்தியும் மரியாதையும் இருக்கின்றன, அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், இது நம் நாட்டின் அரசமைப்புக்குப் பொருந்தாத நம்பிக்கை என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

கூட்டரசின் நிர்வாக அதிகாரம் மாமன்னரிடம் உள்ளது என்று அரசமைப்பின் 39-ஆவது பிரிவு கூறுகிறது. அதனால்தான் சட்டங்களும் நியமனங்களும் அவர் பெயரில் வெளிவருகின்றன. பலர் அந்தப் பிரிவோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்து வரும் 40-ஆவது பிரிவோ, மாமன்னர் தம் பணிகளை அமைச்சரவையின் அல்லது அதன் சார்பில் செயல்படும் அமைச்சரின் ஆலோசனைப்படியே ஆற்ற வேண்டும் என்கிறது. ஆலோசனை கூறப்பட்டால் அதை ஏற்று அதன்படியே செயல்பட வேண்டும் என்ற வாசகம் 1994-இல் அதே பிரிவில் இன்னும் அழுத்தமாகச் சேர்க்கப்பட்டது. அவர் தம் விருப்புரிமைப்படி முடிவெடுக்கலாம் என்று அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பவை மூன்று: பிரதமரை நியமிப்பது, நாடாளுமன்றத்தைக் கலைக்கும் கோரிக்கைக்கு இணங்க மறுப்பது, சுல்தான் முதலிய மாநில ஆட்சியாளர்களின் சிறப்புரிமைகள் தொடர்பாக மட்டும் கூடும் ஆட்சியாளர்கள் மாநாட்டைக் கூட்டச் சொல்வது. அரசமைப்பு வேறு இடங்களில் குறிப்பிடும் சிலவும் உண்டு என்றாலும், நில வரியைக் குறைப்பதோ, பள்ளிக்கு நிலம் ஒதுக்குவதோ, அடையாள அட்டை வழங்குவதோ அவற்றுள் எங்கும் இல்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு 30 நாள்களுக்குள் அவருடைய இசைவு கிடைக்காவிட்டாலும், அது இசைவு பெற்றதாகவே கருதப்பட்டுச் சட்டமாகிவிடும்.

“அப்படியென்றால் 2020-இல் நாங்கள் பார்த்தது என்ன?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரதமர் துன் மகாதீர் பதவி விலகியதும் மாமன்னர் நாடாளுமன்ற உறுப்பினர்களை அரண்மனைக்கு அழைத்து விசாரித்தார். மார்ச் 1-ஆம் தேதி முகிதீன் யாசின் பிரதமரானார். 2021 ஆகஸ்டில் இஸ்மாயில் சப்ரியும், 2022 நவம்பர் 24-இல் அன்வார் இப்ராகிமும் மாமன்னரின் தீர்மானத்துக்குப் பிறகே பதவியேற்றார்கள். இவை மூன்றும் மேலே சொன்ன முதல் விருப்புரிமைக்குள் அடங்குபவை. 222 இடங்கள் கொண்ட மக்களவையில் பெரும்பான்மையினரின் நம்பிக்கை யாருக்கு இருக்கக்கூடும் என்று கணிக்கும் பொறுப்பை 43-ஆவது பிரிவு அவரிடம் ஒப்படைத்திருக்கிறது. எந்தக் கூட்டணிக்கும் தெளிவான பெரும்பான்மை இல்லாத காலத்தில் அந்தப் பொறுப்பு எல்லோருக்கும் தெரியும்படி நிறைவேற்றப்பட்டது. 2020 அக்டோபரில் அவசரகாலப் பிரகடனத்துக்கான கோரிக்கை ஏற்கப்படாததும், 2021 ஜனவரியில் பிரகடனம் செய்யப்பட்டதும் வேறு வகையைச் சேர்ந்தவை. அந்த விவகாரத்தில் விருப்புரிமை உண்டா என்பது எங்கள் தொழிலுக்குள் இன்னும் விவாதிக்கப்படும் பொருள். ஆனால், நாட்டின் பெரும் நெருக்கடி நாள்களில் கண்டதை வைத்துக்கொண்டு, அன்றாட நிர்வாகக் கோரிக்கையையும் அரண்மனை தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்ப்பது உங்களுக்கே இழப்பாக முடிகிறது.

மாநிலங்களிலும் நிலைமை இதுவே. நிலச் சட்டத்தில் “மாநில அதிகாரத் தரப்பு” என்பதற்கு அந்த மாநிலத்தின் ஆட்சியாளர் அல்லது ஆளுநர் என்று பொருள்விளக்கம் தரப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, “சுல்தான்தானே முடிவெடுக்கிறார்?” என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. சுல்தானும் ஆளுநரும் நில விவகாரங்களில் மாநில ஆட்சிக்குழுவின் ஆலோசனைப்படியே செயல்படுகிறார்கள். ஆகவே உங்கள் கோப்பு மாவட்ட நில அலுவலகத்தில் தொடங்கி, மந்திரி பெசார் அல்லது முதலமைச்சர் தலைமையிலான ஆட்சிக்குழுவின் மேசையில் முடிவாகிறது.

பிரதமரைப் பிடித்தால் போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணை கூட்டரசின் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று அதிகாரங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. கல்வி, சுகாதாரம், போலீஸ், குடியுரிமை ஆகியவை கூட்டரசுக்கு உரியவை. நிலமும் ஊராட்சியும் மாநிலத்துக்கு உரியவை. தமிழ்ப்பள்ளி விவகாரங்கள் இழுபடுவதற்கு இந்தப் பிரிவினையே முக்கியக் காரணம்: ஆசிரியரும் பாடத்திட்டமும் கல்வி அமைச்சின் பொறுப்பு, பள்ளி நிற்கும் நிலமோ மாநிலத்தின் அல்லது தோட்ட உரிமையாளரின் கையில். இரண்டு பக்கமும் தனித்தனி விண்ணப்பம் போகாமல் இது நகராது. கோலாலம்பூர், லாபுவான், புத்ராஜெயா ஆகிய மூன்று கூட்டரசுப் பிரதேசங்களில் மாநில அரசு என்பதே இல்லாததால், அங்கே நில அதிகாரமும் கூட்டரசிடமே இருக்கிறது. சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளானில் இருப்பவர், கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் நண்பர் சென்ற வழியிலேயே சென்றால் வேலை நடக்காது.

நகராண்மைக் கழக உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுபவர்கள். ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன, 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. கால்வாய், குப்பை, கடை உரிமம் போன்றவற்றுக்கு முதலில் அங்கே செல்லுங்கள். தீராவிட்டால் சட்டமன்ற உறுப்பினரிடம் செல்லுங்கள்.

சிறைவாசிகளின் குடும்பத்தினரிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கருணை மனுக்களை எல்லாம் மாமன்னருக்கே அனுப்பாதீர்கள். அரசமைப்பின் 42-ஆவது பிரிவின்படி, கூட்டரசுப் பிரதேசங்களில் நடந்த குற்றங்களுக்கும் இராணுவ நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் மன்னிப்பு வழங்குபவர் மாமன்னர். ஒரு மாநிலத்தில் நடந்த குற்றத்துக்கு அந்த மாநிலத்தின் சுல்தானோ ஆளுநரோதான், அந்த மாநில மன்னிப்பு வாரியத்தின் வழியாக, மன்னிப்பு வழங்க முடியும். கைதி எந்தச் சிறையில் இருக்கிறார் என்பது பொருட்டல்ல, குற்றம் எங்கே நடந்தது என்பதையே பார்க்க வேண்டும். ஒரு தாய் தவறான முகவரிக்கு மனு அனுப்பிவிட்டு நம்பிக்கையோடு காத்திருப்பதைப் பார்க்கும் துயரம் எனக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்கிறது.

குடியுரிமைக்கு மாநில அரசிடம் போய் நிற்பதும் இதே அளவு வீண். விண்ணப்பம் தேசியப் பதிவிலாகாவில், முடிவு உள்துறை அமைச்சில். பிள்ளைகளுக்கான விண்ணப்பத்துக்கு வயது வரம்பு உண்டு என்பதால், தற்போதைய வரம்பைப் பதிவிலாகாவிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு, பள்ளிப் பருவத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆலயப் பொறுப்பாளர்களே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். “நூறு வருடமாக இங்கேதான் இருக்கிறோம்” என்பது உருக்கமான வாதம். சட்டத்தில் அது உங்களுக்கு நில உரிமை தராது. எவ்வளவு காலம் அனுபவித்தாலும் அரசு நிலத்தின் மீது உரிமை பிறக்காது என்று நிலச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு கூறுகிறது. தனியார் நிலத்துக்கும் இதே கடுமை உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமமும் பட்டா ஆகாது. ஆகவே நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தித் தேடல் செய்து, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை இந்த மாதமே தெரிந்துகொள்ளுங்கள். திருவிழாவுக்கு வந்த அமைச்சர் மேடையில் தந்த வாக்குறுதியை ஆவணமாக எண்ணாதீர்கள். ஆட்சிக்குழுவின் முடிவை எழுத்தில் கேளுங்கள், பட்டா பதிவாகும் வரை ஓயாதீர்கள்.

அரண்மனைக்கு மகஜர் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுங்கள், ஆனால், உரிய அலுவலகத்துக்கு உரிய படிவத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் உள்ள நகலை வாங்கிக் கோப்பில் வைத்த பிறகு கொடுங்கள். கெடுவுள்ள கடிதம் எது வந்தாலும், பொதுக்கூட்டம் கூட்டுவதற்கு முன்பே அதை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி மையங்களை நாடலாம்.