கானமயிலை வான்கோழி ஆக்காதீர்கள்

மின்கம்பியில் மோதி 'இந்தியப் பெரிய வான்கோழி' இறந்தது என்று மறுபடியும் ஒரு செய்தி. ஆவணப்படத் தமிழாக்கம் ஒன்றிலும் இதே பெயரைக் கேட்டேன். அந்தப் பறவைக்குக் கானமயில் என்று தமிழில் பெயர் இருக்கும்போது, இன்னொரு பறவையின் பெயரைத் தூக்கி அதன் தலையில் வைப்பது சோம்பேறித்தனம்.

ஆங்கிலத்தில் இது 'கிரேட் இந்தியன் பஸ்டர்ட்'. அதிலுள்ள பஸ்டர்டின் கதை சின்னதுதான். ஸ்பெயினில் இந்தக் குடும்பத்துப் பறவையை 'ஏவிஸ் டார்டா' என்கிறார்கள் என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். லத்தீனில் அதற்கு 'மெதுவான பறவை' என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குப் போய்த் தேய்ந்தது. பறவையோ மெதுவானதல்ல, நன்றாக ஓடும், வலுவாகப் பறக்கும். ஆகவே அந்த வேர்ப்பொருளை மொழிபெயர்த்தும் பயனில்லை. ஒலிபெயர்த்து 'பஸ்டர்ட்' என்று எழுதினால், ஒரு வசைச்சொல்லுக்கும் அதற்கும் நடுவே ஒரு கால்தான் மிச்சம்.

வான்கோழிக்காக வாதாடுபவர்களிடம் ஒரு கெட்டிக்கார வாதம் உண்டு. மூதுரையில் கான மயில் ஆடுவதைப் பார்த்து வான்கோழி தன் சிறகை விரித்து ஆடுகிறது. மூதுரை பாடிய ஔவையாரைச் சோழர் காலத்தவர் என்பார்கள். இன்று நாம் வான்கோழி என்கிற பறவையோ அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. கொலம்பஸ் 1492-இல் கடல் கடந்த பிறகுதான் அது வெளியுலகுக்கு வந்தது. 1612-இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீரின் அவைக்கு வந்தபோது, ஓவியர் மன்சூரை வரையச் சொல்லும் அளவுக்கு அது புதுமையாக இருந்தது. அப்படியானால் ஔவை பார்த்த வான்கோழி எது? தொண்டைப்பையை ஊதி, வாலை நிமிர்த்தி, பெட்டையைக் கவர நிற்கும் இந்தப் புல்வெளிப் பறவைதான் என்கிறார்கள்.

இருக்கலாம். அந்த நிலையில் ஆண்பறவையைப் பார்த்தவர்களுக்கு வாதம் கவர்ச்சியாகத்தான் தெரியும். ஆனால் செய்யுளின் பறவை எது என்பது உரையாசிரியர்களின் கேள்வி, நாளைய செய்தியில் எந்தச் சொல்லை எழுதுவது என்பது வேறு கேள்வி. இன்று வான்கோழி என்றால் பண்ணையில் இறைச்சிக்கு வளர்க்கும் பறவை, அதில் யாருக்கும் ஐயம் இல்லை. 'வான்கோழி அழிகிறது' என்று படிப்பவர் ஏன் பதற வேண்டும்? கானமயில் 200-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது, பெரும்பாலும் ராஜஸ்தானின் தார்ப் பாலைவனப் பகுதியில். ஒரு காலத்தில் தமிழ்நாடு வரை பரவியிருந்தது. நேர்முன்னே பார்வை மங்கல், உடல் கனம். அதனால் குறுக்கே வரும் கம்பியைக் கடைசி நொடியில் கண்டாலும் விலக முடிவதில்லை. அந்தக் கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இத்தனையும் 'வான்கோழி' என்ற ஒற்றைச் சொல்லில் கறிக்கடைச் சமாச்சாரமாகிவிடுகிறது.

கானமயிலுக்கும் மறுப்பு சொல்கிறார்கள். இது மயில் இனமே அல்லவே என்கிறார்கள். உண்மைதான். பின்விரல் இல்லாத, மரத்தில் அடையாத தனிக் குடும்பம் இது. ஆனால் மக்கள் வைத்த பெயர் தோற்றத்துக்கு வைத்தது, வகைப்பாட்டுக்கு அல்ல. நீர்க்கோழியும் கோழி இனம் அல்ல, அந்தப் பெயரை யாரும் திருத்தப் போவதில்லை.

கானம் என்றால் காடாயிற்றே, இது புல்வெளிப் பறவையாயிற்றே என்பது அடுத்த மறுப்பு. இதைச் சொல்பவர்கள் காடு என்றதும் மழைக்காட்டை நினைக்கிறார்கள். தமிழில் காடு அவ்வளவு குறுகியதல்ல. கம்பங்காடு, சோளக்காடு, பருத்திக்காடு என்று மானாவாரி நிலத்தையே காடு என்கிறோம். முல்லை நிலமும் காடுதான். புல்லும் புதரும் வரகும் கலந்த அந்தத் திறந்தவெளிதான் இந்தப் பறவையின் வாழிடம். மராத்தியர் வைத்த 'மாள்டோக்' என்ற பெயரிலும் 'மாள்' என்பது திறந்த மேட்டுநிலமே.

ஒரு மறுப்பை மட்டும் ஏற்கிறேன். சிறுபாணாற்றுப்படையில் பேகன் போர்வை கொடுத்த 'கான மஞ்ஞை' காட்டு மயில்தான், மூதுரையின் கான மயிலும் அதுதான். எனவே இந்தப் பறவையைக் குறிக்கும்போது இடைவெளி விடாமல் கானமயில் என்று ஒரே சொல்லாக எழுதவேண்டும். பேச்சில் மயிலை யாரும் கானமயில் என்பதில்லை, குழப்பம் வராது.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்கு உள்ள கோபம் இதுதான்: அகராதியில் பார்க்கிறார்கள், ஊரில் கேட்பதில்லை. ஆங்கிலப் பெயரின் மூன்று சொற்களுக்கு மூன்று தமிழ்ச் சொற்களை வரிசையாக அடுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்கிறார்கள். இதே குடும்பத்தின் சிறிய பறவைக்கு வரகுக்கோழி என்று வரகு விதைத்தவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். அதை 'சிறு கானமயில்' என்று மாற்றவும் கூடாது.

குடும்பத்துக்குக் கானமயில் குடும்பம். நம் நாட்டுப் பறவைக்கு இந்தியக் கானமயில். ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் வாழ்வது பெருங்கானமயில், ஆப்பிரிக்காவின் கோரி பஸ்டர்ட் அப்படியே கோரிக் கானமயில். வரகுக்கோழி வரகுக்கோழியாகவே இருக்கட்டும்.