பொன்னிற அலகும் அறுநூறு சோடிப் படைகளும்

கொக்குவிலில் தொழில்நுட்பம் பயிலும் மாணவர் ஒருவர், இரும்புக்கடையில் வாங்கிய பொன்னிறத் துறப்பண அலகைக் காட்டி, இத்தனை மெல்லிய பூச்சு உருக்கைக் காப்பது எவ்வாறு என்று கேட்டார். அது யாழ்ப்பாணத்து நகைக்கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதிப் பொன்னன்று. தைத்தேனியம் நைத்திரைட்டு என்னும் செரமிக்கின் இயல்பான நிறம். மலிவான அலகுகள் சிலவற்றில் அது வெறும் சாயமாகவும் இருக்கலாம். வெற்றிடக் கலத்தில் ஆகன் அயன்கள் மோதித் தைத்தேனியத் தகட்டிலிருந்து தெறிக்கும் அணுக்கள், நைதரசனுடன் சேர்ந்து அலகின்மேல் சில மைக்கிரோமீற்றர் தடிப்பில் படிகின்றன.

வியப்பு அடுத்த படியில் இருக்கிறது. 1987இல் ஊல்ஃப் ஹெல்மர்சன் என்னும் ஆய்வாளரும் கூட்டாளிகளும் தைத்தேனியம் நைத்திரைட்டையும் வனேடியம் நைத்திரைட்டையும் மாறிமாறிப் படிய வைத்தனர். இரண்டிலும் ஒவ்வோர் அடுக்கு சேர்ந்த ஒரு சோடிப் படையின் தடிப்பு ஏறத்தாழ 5 நனோமீற்றராக இருந்தபோது, கடினம் சதுர மில்லிமீற்றருக்கு 5500 கிலோகிராமைத் தாண்டியது. தனித்தனியே இரண்டில் எதுவும் அதன் பாதியைக்கூட எட்டுவதில்லை.

முற்றத்தில் நெல் காயவிடும் பெரிய படங்கை அப்படியே இழுத்துப் பாருங்கள், அசையாது. ஒரு கரையில் சிறு மடிப்பை எழுப்பிக் காலால் மறுகரைவரை தள்ளிக்கொண்டு போனால், படங்கு முழுவதும் ஒரு சாண் நகர்ந்திருக்கும். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட பளிங்கிலும் அணுத்தளம் ஒரேயடியாக வழுக்குவதில்லை; பிறழ்வு எனப்படும் மடிப்பொன்று வரிவரியாக ஓடுகிறது. கடினத்தை அளக்க வைரமுனையை அழுத்தும்போது பள்ளம் விழுவது இம்மடிப்புகள் ஓடுவதனாலேயே. அவற்றை மறித்தால் பொருள் கடினமாகும்.

மறிக்கும் வழியை 1970இலேயே கோலர் என்னும் பௌதிகவியலாளர் தாளில் எழுதிவிட்டார். மடிப்பு தன்னைச் சுற்றியுள்ள அணுப் பிணைப்புகளை வளைத்து வைத்திருக்கிறது. சுற்றுப்புறம் விறைப்பாக இருந்தால் அதற்குக் கூடுதல் சக்தி வேண்டும். எனவே நெகிழ்ந்த படையில் ஓடிவரும் மடிப்பு, விறைத்த படையைத் தொடுமுன்னரே அதை உணர்ந்து பின்தள்ளப்படுகிறது. சுவரில் முட்டித் திரும்புவதன்று, சுவர் வருவதை அறிந்தே தயங்குவது! எனக்கு இதில் அலுக்காத இடம் இதுவே. பிற்காலத்து ஆய்வுகள் இதை அழகாகச் சோதித்தன: அணு இடைவெளி பொருந்தி விறைப்பு மட்டும் வேறுபட்ட சோடியில் கடினம் உயர்ந்தது; இடைவெளி வேறுபட்டு விறைப்பு ஒத்திருந்த சோடியில் உயரவில்லை.

படை தடித்தால் மடிப்புக்கு உள்ளேயே ஓட இடம் கிடைத்துவிடும். மிக மெலிந்தாலோ எல்லையில் அணுக்கள் கலந்து, விறைப்பு வேறுபாடே மங்கிவிடும். ஆகவேதான் உச்சம் சில நனோமீற்றரில் அமைகிறது.

தாளில் இருந்த எண்ணம் இந்தப் பூச்சாவதற்குப் பதினேழு ஆண்டுகள் சென்றன. உடனடிப் பயன் என்னவென்று கேட்டே ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவோர் அன்று கோலரிடம் என்ன கேட்டிருப்பார்கள்? 'நனோ' என்று பொறித்த கைவளையத்தை நோய் தீரும் என நம்பி வாங்க மட்டும் நம்மிடம் காசு இருக்கிறது.

மாணவரின் அலகில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைப் படையே. பல படைப் பூச்சுக்கு, இரு வேறு உலோகத் தகடுகளின் முன்னால் கருவியைச் சுழலும் மேசையில் வைக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு சோடி. சுற்றும் வேகமே படையின் தடிப்பைத் தீர்மானிக்கிறது. 3 மைக்கிரோமீற்றர், அதாவது 3000 நனோமீற்றர், பூச்சுக்கு, சோடி 5 நனோமீற்றர் என்றால், மேசை 600 தடவை சுற்ற வேண்டும்.