ஸ்லைஸ் பிரதி எடுக்கும், ஸ்ப்லைஸ் பிடுங்கும்

இலங்கை மலையக ரயில் பாதையின் முக்கிய நிலையங்களை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் அணி (எண்ணிட்ட பட்டியல்) ஒன்றில் வரிசையாக வைப்போம்: நாவலப்பிட்டி, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை. சுட்டெண் பூச்சியத்தில் தொடங்குவதால் நாவலப்பிட்டி 0, பதுளை 8.

அணியின் ஒரு பகுதியைப் பிரதி எடுக்கும் கட்டளை ஸ்லைஸ். ஹட்டனிலிருந்து நானுஓயா வரை வேண்டுமானால் ஸ்லைஸ்(1, 5) என்று எழுத வேண்டும். நானுஓயாவின் எண் 4 தானே என்று ஸ்லைஸ்(1, 4) எழுதினால் தலவாக்கலையோடு நின்றுவிடும். இரண்டாவது எண் நிற்கும் இடம். அங்கே இருப்பது சேராது. இது முதலில் உறுத்தினாலும் நல்ல ஏற்பாடுதான். 5 கழித்தல் 1, ஆக நான்கு நிலையங்கள் என்று உடனே தெரிகிறது. ஸ்லைஸ்(0, 5), ஸ்லைஸ்(5) இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு நிலையம்கூட விடுபடாது, இரண்டு தடவையும் வராது.

எதிர் எண் கொடுத்தால் கடைசியிலிருந்து எண்ணும்: ஸ்லைஸ்(-2) எல்லவையும் பதுளையையும் தரும். இல்லாத இடத்தைக் கேட்டாலும் பிழைச்செய்தி வராது. ஸ்லைஸ்(20) வெறும் அணியைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஸ்லைஸ்(5, 2) என்று முன்பின் மாற்றிக் கொடுத்தாலும் அதே கதைதான். ஆகவே கிடைத்த அணியின் நீளத்தைப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.

ஸ்ப்லைஸ் என்பது ஓர் எழுத்து கூடிய வேறொரு பிராணி. அதன் இரண்டாவது எண் எத்தனை உறுப்புகள் என்பதைச் சொல்கிறது. ஸ்ப்லைஸ்(1, 5) ஹட்டன் முதல் அப்புத்தளை வரை ஐந்தைப் பிடுங்கிக் கையில் தரும்; மூல அணியில் நாவலப்பிட்டி, பண்டாரவளை, எல்ல, பதுளை மட்டும் மிஞ்சும். ஸ்ப்லைஸ்(1) என்று விட்டால் நாவலப்பிட்டி மட்டும்தான் மிஞ்சும். மூலத்தைத் தொடாமல் நீக்க வேண்டுமானால், 2023ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்ந்த டூஸ்ப்லைஸ்டு இருக்கிறது. ஆனால் அது திருப்பித் தருவது நீக்கிய பகுதியை அல்ல, நீக்கியபின் மிஞ்சிய அணியை.

இனி முழுப் பிரதி. சமக்குறி போட்டு இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் பிரதி உண்டாவதில்லை. இரு பெயர்களும் ஒரே அணியைத்தான் சுட்டும். எண் எதுவும் கொடுக்காத ஸ்லைஸ், அல்லது 2015இல் வந்த மூன்று புள்ளிக் குறி, புதிய அணியைத் தரும். ஆனால் அது மேல்மட்டத்துக்கு மட்டும்தான் புதியது.

ஒரு தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலை, அதாவது தொழிலாளர் வேலைப் பதிவேட்டை, அணியாக எழுதினோம் என்று கொள்வோம். ஒவ்வொரு வரியும் ஓர் ஆப்ஜெக்ட். அதில் தொழிலாளியின் பெயரும், கொழுந்து நிறுவைகளைக் கொண்ட உள் அணியும் இருக்கும்: காலை 7, பகல் 6, மாலை 5 கிலோ. ஸ்லைஸ் கொண்டு எடுத்த பிரதியில் மாலை நிறுவையை 8 ஆக்கினால் மூலத்திலும் 8 ஆகிவிடும். வெளி அணி வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் வரிகள் அதே வரிகள். முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா) என்பதைத் தீர்மானிக்கும் கிலோ இது. இந்த இடத்தில் கவனக்குறைவு கூடவே கூடாது. பிரதியின் முதல் வரியையும் மூலத்தின் முதல் வரியையும் மூன்று சமக்குறியால் ஒப்பிடுங்கள். உண்மை என்று வந்தால் வரி பொதுவாகத்தான் இருக்கிறது.

உள்வரை பிரிக்க ஸ்ட்ரக்சர்ட்குளோன் உண்டு. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் என்ற மென்பொருளில் 17ஆம் பதிப்பு முதலும், 2022க்குப் பிந்திய முக்கிய பிரவுசர்களிலும் கிடைக்கிறது. உள்ளே ஃபங்ஷன் இருந்தால் பிழை எறியும். ஒரே வரியைத்தான் மாற்றப்போகிறீர்கள் என்றால் இதுவும் வீண் வேலை. அந்த வரியையும் அதன் நிறுவை அணியையும் மட்டும் புதிதாக ஆக்கினால் போதும்.

ஜேசனாக, அதாவது தரவை எழுத்தாக எழுதும் வடிவமாக, மாற்றித் திரும்ப வாசிக்கும் பழைய வழியைத் திகதி உள்ள தரவுக்குப் பயன்படுத்த வேண்டாம். திகதி வெறும் எழுத்துச்சரமாகிவிடும், அதுவும் உலகப் பொது நேரத்தில். இலங்கை நேரம் 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால், இங்கே 2025 மார்ச் 1 நள்ளிரவு 12 மணி என்று பதிந்தது பெப்ரவரி 28, 18:30 என்று எழுதப்படும். அந்தச் சரத்தின் முதல் பத்து எழுத்தை ஸ்லைஸ்(0, 10) என்று வெட்டினால் அன்றைய கொழுந்து முந்தைய மாதக் கணக்கில் ஏறிவிடும்.