உப்பிய சிப்ஸ் பாக்கெட்டும் ஒரு 'ஹ' எழுத்தும்

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் இந்த விளையாட்டு ஆரம்பித்துவிடும். யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு படம் போடுவார்கள். எந்த ஊர் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். 2013-இல் ஸ்வீடனில் பிறந்த ஜியோகெஸ்ஸர் விளையாட்டின் வீட்டு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 5,000 புள்ளி. சரியான இடத்திலிருந்து விலக விலகக் குறையும். எங்களிடம் புள்ளி கிடையாது, தோற்றவர் டீ போட வேண்டும்.

அத்தை மகன் போட்ட படத்தில் ஒரு பெட்டிக்கடை. தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் வெடிக்கிற மாதிரி உப்பியிருந்தன. சமவெளியில் அடைத்த காற்று உள்ளே அப்படியே இருக்கிறது. 2,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமோ கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குகூட இல்லை. உள்காற்று பாக்கெட்டைத் தள்ளத்தானே செய்யும்? சரி, மலை. எந்த மலை? ஊட்டியா கொடைக்கானலா என்று பாக்கெட் சொல்லாது.

அடுத்து கூரையிலிருந்த டிஷ். அதை ஒரு திசைகாட்டி என்றே சொல்லலாம். டிவி செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. நம் ஊர் டிஷ்கள் பெரும்பாலும் தென்கிழக்கு பார்ப்பது அதனால்தான். அதை வைத்துப் பார்த்தால் கொடிக்கம்பத்தின் நிழல் தெற்கே விழுந்திருந்தது, அதுவும் கம்பத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். உச்சிவெயில் வடக்கிலிருந்து அடிக்கிறது! நீலகிரியில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரைதான் அப்படி. தெற்கே நிழல் இவ்வளவு நீளமென்றால், சூரியன் வடக்கே ஒதுங்கி நிற்கிற ஜூன் வாக்கில் எடுத்த பழைய படம். அந்த மாதத்தில் இப்படிப் பளிச்சென்ற வெயில் என்றால், தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் இருக்க வாய்ப்பு குறைவு. கொடைக்கானலைக் கழிக்க முடியவில்லை. இரண்டு ஊருக்கும் அட்சரேகையில் வித்தியாசம் 1 டிகிரி சொச்சம். நிழலைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

தடயம் எவ்வளவு அழகானது என்பதில் ஒன்றுமில்லை, எத்தனை ஊர்களைக் கழிக்கிறது என்பதுதான் கணக்கு. தைலமரம் இரண்டு மலையிலும் இருக்கிறது, பிரயோஜனமில்லை. வண்டி நம்பர் டிஎன் 43 என்றால் நீலகிரி, டிஎன் 57 என்றால் கொடைக்கானல் இருக்கிற திண்டுக்கல். ஆனால் அந்த எண் சுற்றுலாக் காரில் இருந்தால் நம்ப முடியாது, கார் எங்கும் போகும். ஆட்டோவில் இருந்தால் ஏறக்குறைய முடிந்தது கதை. இந்தப் படத்தில் ஆட்டோ இல்லை. ஓரத்தில் ஒரு பேரிக்காய் மரம் தெரிந்தது. நான் 'கொடைக்கானல்' என்று அடித்துவிட்டேன். பேரி இங்கேயும் காய்க்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

அத்தைதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பாதி மறைந்த பஸ் போர்டில் '...ஹட்டி' என்று முடிந்தது. ஹட்டி என்றால் நீலகிரியில் வாழும் படகர்களின் ஊர். கொடைக்கானல் இருக்கிற பழனி மலையில் மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் என்றுதான் பேர் வரும். அந்த ஒரு 'ஹ' கொடைக்கானலைத் துடைத்துப் போட்டுவிட்டது. இடம் கோத்தகிரிப் பக்கம். நான் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தேன்.

டீ நான்தான் போட்டேன். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது, சாயம் இறங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. அதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது.