இன்டென்ச்சர்: பல் பதிந்த ஒரு சொல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்தத் தமிழ்க் குடும்பம் பழங்கதை பேச உட்கார்ந்தாலும் இன்டென்ச்சர் என்ற சொல் வந்துவிடும். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்களை ஐந்து வருட வேலைக்குக் கட்டிய பத்திரத்தின் பெயர் அது. தாத்தாவின் தாத்தா இன்டென்ச்சரில் வந்தவர், ஆயாவைப் பெற்றவள் இன்டென்ச்சரில் பிறந்தவள் என்பார்கள். தமிழ் மறந்த வீட்டிலும் இந்த ஆங்கிலச் சொல் மறக்கவில்லை.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஒருநாள் கரும்பலகையில் இன்டென்ச்சர் என்பதற்கு நேராக 'ஒப்பந்தம்' என்று எழுதினேன். முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். அவள் அப்பா கைப்பேசி வாங்கிய கடையில், இரண்டு வருடம் மாதாமாதம் பணம் கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். அதுவும் ஒப்பந்தம்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்போ தாத்தாவும் அப்பாவும் ஒண்ணா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்.

பிரித்தால் உள்ளே ஒரு பல் இருக்கிறது. லத்தீனில் பல்லுக்கு 'டென்ஸ்' என்று பெயர். சொல் வளரும்போது அது 'டென்ட்' என்று ஆகும். பல் மருத்துவர் டென்டிஸ்ட் ஆனதும், மூன்று முனை உள்ள சூலம் டிரைடென்ட் ஆனதும் இதிலிருந்துதான். சமஸ்கிருதத்தின் 'தந்த'மும் இதே மூலத்தில் பிறந்த உறவு. யானைத் தந்தம் என்கிறோம், பிள்ளையாரை ஏகதந்தன் என்கிறோம். டர்பன் கோயிலில் பிள்ளையாரைக் கும்பிடும் வாய்க்கு இன்டென்ச்சர் அவ்வளவு அந்நியமான சொல் இல்லை!

பல்லுக்கும் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? இடைக்கால இங்கிலாந்தில் இரண்டு பேர் உடன்பாடு செய்துகொண்டால், ஒரே தோலில் அதே வாசகத்தை இரண்டு முறை எழுதுவார்கள். இரண்டுக்கும் நடுவில் விட்ட இடத்தில் ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி, அந்த எழுத்துகளின் குறுக்கே ரம்பப் பல் போல வளைத்து வளைத்து வெட்டுவார்கள். ஆளுக்கு ஒரு துண்டு. நாளைக்குத் தகராறு வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பல்லோடு பல் பொருந்தி, வெட்டுப்பட்ட எழுத்தும் சேர்ந்தால் பத்திரம் உண்மையானது. ஒருவர் மட்டும் மாற்றி எழுதினால் பொருந்தாது. 1195 முதல் நிலம் பற்றிய சில உடன்பாடுகளுக்கு மூன்று பிரதி எழுதி, மூன்றாவதை நீதிமன்றத்திலேயே வைத்துக்கொண்டார்கள். இப்படிப் பல் பல்லாக வெட்டிய பத்திரம் என்பதால் அதற்கு இன்டென்ச்சர் என்று பெயர். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது.

அலுவலகத்தில் சாமான் கேட்டு எழுதும் இன்டென்ட் இதன் தம்பி. பத்தி தொடங்கும்போது முதல் வரியை உள்ளே தள்ளுவதையும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஓரத்தில் பல் கடித்த மாதிரி ஒரு பள்ளம் விழுவதால். அமெரிக்காவில் கடன் பத்திரம் வெளியிடும்போது எழுதும் அடிப்படைப் பத்திரத்துக்கு இன்றும் இன்டென்ச்சர் என்றுதான் பெயர்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. இந்தச் சொல் பிறந்தபோது அதற்குள் ஒரு நியாயம் இருந்தது. இரண்டு பேர் கையிலும் சாட்சி இருக்க வேண்டும், யாரும் யாரையும் ஏமாற்றக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வெட்டே.

பிறகு அந்தப் பத்திரம் ஆட்களைக் கட்டும் பத்திரமாக மாறியது. முதலில் தொழில் பழக வந்த பையன்களை எஜமானரோடு கட்டியது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஏழைகள் கப்பல் கட்டணத்துக்குப் பதிலாகச் சில வருட உழைப்பை எழுதிக் கொடுத்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போனார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டக்காரர்கள் ஆள் தேடி இந்தியா பக்கம் திரும்பினார்கள். மொரிஷியஸ் முந்திக்கொண்டது. டர்பன் இருக்கும் பிரிட்டிஷ் காலனியான நேட்டாலுக்கு முதல் கப்பலான ட்ரூரோ மதராசிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைக்கு வந்தது. அதில் 342 பேர். 1911இல் இந்த ஏற்றுமதி நிற்கும்வரை 1,52,184 பேர் வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் துறைமுகம் வழியாக வந்தவர்கள். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு என்று மாவட்டப் பெயர்கள் வரிசையாக வரும். ஊரைத் தேடிப் போகிறவர்களுக்கு இன்றும் அந்த எண்தான் வழிகாட்டி.

ஐந்து வருட வேலை. ஆணுக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்ணுக்குப் பாதி. தோட்டத்தை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும். 1895இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகு வந்து, ஐந்து வருடம் முடித்து, ஊருக்கும் திரும்பாமல் மறுபடியும் எழுதிக் கொடுக்காமல் இங்கேயே தங்கினால் வருடத்துக்கு 3 பவுன் வரி. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், முதல் வருடக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். 1913இல் தோட்டங்களும் சுரங்கங்களும் வேலைநிறுத்தத்தில் நின்ற பிறகுதான், 1914இல் அந்த வரி போனது.

பாலசுந்தரத்தின் கதை இங்கே பலருக்குத் தெரியும். 1894இல், டர்பனில் வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த காந்தியிடம் ஒரு தமிழர் வந்து நின்றார். கிழிந்த துணி, தலைப்பாகை கையில். எஜமானர் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். காந்தி அவரை மருத்துவரிடம் அழைத்துப் போய்ச் சான்று வாங்கி, நீதிபதியிடம் கூட்டிப் போனார். சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டால் அது சிவில் வழக்கு. இன்டென்ச்சரில் உள்ளவர் விட்டால் குற்ற வழக்கு, சிறை. அதனால் பாலசுந்தரம் அந்த வீட்டை விட்டு நடந்து போய்விட முடியாது. அவருடைய பத்திரம் வேறொரு வெள்ளைக்காரர் பெயருக்கு மாற வேண்டும், அதன் பிறகே அவர் போகலாம். காந்தி அப்படியே மாற்றி வாங்கிக் கொடுத்தார்.

சொல்லின் வேரைப் பார்த்த பிறகு இந்தக் கதை எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. பல் பொருந்தினால் நியாயம் என்று தொடங்கிய பத்திரம், ஒருவர் பல்லை உடைத்தாலும் அவரை அங்கேயே கட்டி வைத்தது. இரண்டு பக்கமும் சமம் என்ற பொருள் சொல்லுக்குள் மட்டும் மிஞ்சி, காகிதத்தில் காணாமல் போனது. கைப்பேசி ஒப்பந்தத்தை முறித்தால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும், சிறைக்குப் போக வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அக்ரிமென்ட் என்ற ஆங்கிலச் சொல் இந்தி பேசியவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது, போனவர்கள் கிர்மிட்டியா ஆனார்கள். அது அவர்கள் சொல், அதற்கென்று ஓர் அழகு உண்டு. நம்மிடம் அதிகம் புழங்குவது 'ஒப்பந்தக் கூலி'. தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம், அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் அந்த ஒலியை வசைச் சொல்லாகக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இருக்கின்றன. வகுப்பில் அதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மனிதர்களைச் சொல்லும்போது 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்றே எழுதுகிறேன். சிலர் 'கொத்தடிமை' என்கிறார்கள். கோபம் புரிகிறது, ஆனாலும் பொருள் சரியில்லை. கொத்தடிமை கடனில் பிறப்பது, முடியும் தேதி இல்லாதது. இதற்குத் தேதி இருந்தது, அந்தத் தேதியை எண்ணித்தான் நம் முன்னோர் ஐந்து வருடத்தைக் கடந்தார்கள்.

பத்திரத்துக்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது: முறி. முறிப்பது, ஒடிப்பது என்ற வினையிலிருந்து முறித்த துண்டு என்ற பொருள், அதிலிருந்து எழுதிக் கொடுக்கும் பத்திரம் என்ற பொருள். முறிச்சீட்டு என்றும் சொல்வார்கள். குமரி மாவட்டத்தில் உடைத்த தேங்காயின் பாதி 'தேங்காய் முறி'. ஒரு தேங்காயின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்றுதான் பொருந்தும், வேறு காயின் பாதி அதில் உட்காராது. இலங்கையில் அரசு கடன் வாங்க வெளியிடும் பத்திரங்களைத் திறைசேரி முறிகள் என்று இன்றும் நாளிதழ்களில் எழுதுகிறார்கள். ஆங்கிலேயன் வெட்டிய பத்திரத்துக்கு வெட்டிலிருந்து பெயர் வைத்தான், தமிழனும் முறித்த துண்டிலிருந்து பெயர் வைத்திருக்கிறான். இன்டென்ச்சருக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச் சொல்லை நான் பார்க்கவில்லை.

ஆளை எழுதிக் கொடுக்கும் பத்திரமும் நமக்குப் புதிதல்ல. சுந்தரர் கல்யாணத்தன்று கிழவர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழித்தது படியோலை, மூல ஓலை கிழவரிடமே இருந்தது. வெண்ணெய்நல்லூர்ச் சபையில் அந்த மூலத்தைப் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டு, கையெழுத்து ஒன்றே என்று தீர்க்கிறார்கள். பாட்டன் எழுதியது பேரனையும் கட்டுகிறது. பெரிய புராணத்தில் கிழவர் சிவன், அதனால் கதை ஆனந்தமாக முடிகிறது. நேட்டாலில் ஓலை நீட்டியவன் சிவன் இல்லை. 3 பவுன் வரியைப் பின்னாளில் இளவயதுப் பிள்ளைகளிடமும் கேட்டார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு அந்த ஓலைதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை பலகையில் 'ஐந்தாண்டு முறி' என்று எழுதினேன். ஒரு தாளை எடுத்து, இரண்டு பாதியிலும் ஒரே வரியை எழுதி, நடுவில் பெரிதாக 'முறி' என்று எழுதி, கத்தரியால் பல் பல்லாக வெட்டினேன். ஒரு துண்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன், இன்னொன்றை என் பையில் வைத்தேன். அவள் தன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாத்தாவின் துண்டு இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். கப்பல் பதிவேட்டில் அவர் எண்ணைத் தேடலாம் என்றேன். அவள் குடும்பப் பெயரும் ஊர்ப் பெயரும் என் நோட்டில் இருக்கின்றன. வருகிற வாரம் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறோம்.