ரின்னில் உள்ள வட்டம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

காலபோக அறுவடை நேரம். மாங்குளம் பக்கம் ஒரு கடையில் அறுவடை மெசின் ஓட்டும் தம்பி ஒருவர் எனர்ஜி ட்ரிங் ரின்னை உடைத்தபடி, "அண்ணை, இதில சிவப்பு இல்லை, பயமில்லை" என்றார். அவர் விரல் வைத்துக் காட்டியது செம்மஞ்சள் வட்டத்தை.

அந்த வட்டம் வந்தது இலங்கையின் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதியால். 2016 ஓகஸ்ட் 1 முதல் நடைமுறை. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. சரியாக 11 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சளில்தான் நிற்கும். அப்படியான 250 மில்லிலீற்றர் ரின்னில் ஐந்தரைத் தேக்கரண்டி சீனி. பிளேன்ரீயில் யாராவது அவ்வளவு போட்டால் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவோம்.

ஆனால் வட்டம் சீனியை மட்டும்தான் பேசுகிறது. நித்திரையை விரட்டும் கஃபீனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சீனியில்லாத ரின் பச்சை வட்டத்தோடு வரும், கஃபீன் அப்படியே இருக்கும். அதற்கு ரின்னின் பின்பக்கம் பொடி எழுத்தைத்தான் தேட வேண்டும். 250 மில்லிலீற்றர் ரின்னில் பொதுவாக 80 மில்லிகிராம். 500 என்றால் 160.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் கணக்கில், சுகமாக இருக்கும் பெரியவருக்கு ஒரே தடவையில் 200, நாள் முழுவதற்கும் 400 மில்லிகிராம் வரை பரவாயில்லை. கர்ப்பிணிக்கு நாளுக்கு 200தான். பிள்ளைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3. அதாவது 25 கிலோ பிள்ளைக்கு 75. ஒரு சின்ன ரின்னே அதைத் தாண்டிவிடும். போலந்தில் 2024 ஜனவரி முதல் 18 வயதுக்குட்பட்டோருக்கு இதை விற்கவே முடியாது.

மெசின்காரத் தம்பிக்கு வேறு கணக்கு. பகலில் நாலு பிளேன்ரீ, இரவு இரண்டு ரின். தேயிலையிலும் கஃபீன்தான், எல்லாம் கூட்டுப்படும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பிரஷர் ஏறும். குடித்து ஐந்து மணித்தியாலம் போனாலும் பாதியளவு உடம்பில் நிற்கும். விடிய வீடு போய்ப் படுத்தாலும் நித்திரை வராது. ஏ9 வீதியில் இரவு வான் ஓட்டுபவர்களுக்கும் இதே கதை. சாராயத்தோடு கலப்பது இன்னும் மோசம்: வெறி தெரியாது, ஆனால் வெறி இருக்கும். வயல் வெயிலுக்கு உப்புப் போட்ட மோர் போதும், அதற்கு வட்டமும் தேவையில்லை.

வட்டம் இல்லாத ரின்னோ திகதி முடிந்த ரின்னோ கண்டால் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். போட்ட விலைக்கு மேல் வாங்கினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, இலக்கம் 1977. பில்லையும் வெறும் ரின்னையும் எறிய வேண்டாம். குடித்த பிறகு நெஞ்சு நோவோ மயக்கமோ வந்தால் 1990, அம்புலன்ஸ் இலவசம். ரின்னையும் கையோடு கொண்டு போங்கள், எவ்வளவு கஃபீன் என்று டொக்டர் கேட்பார்.