என்ஜின் வேலை முடிந்த லாரியை மணிக்கணக்கில் ஐடிலில் விடாதீங்க

கிருஷ்ணகிரி பக்கம் லாரி வைத்திருக்கும் பலருக்கு ஒரு நம்பிக்கை. பிஸ்டன், அது ஏறி இறங்கும் குழாயான லைனர், பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு என்ஜினை ஏற்றியதும் ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து ராத்திரி முழுக்க ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் ஐடிலில் ஓடவிடணும், அப்புறம் கொஞ்ச நாள் காலி வண்டியாக நாற்பதிலேயே உருட்டணும், அப்போதுதான் என்ஜின் செட் ஆகும் என்பார்கள். அக்கறையில் செய்வதுதான். ஆனால் புது ரிங்கைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஹோனிங் போட்ட, அதாவது கல்லால் உரசிக் கோடு போட்ட லைனரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். அந்தப் பள்ளங்களில் ஆயில் தங்கணும், மேடுகளை ரிங் தேய்த்துத் தனக்கு இடம் பண்ணிக்கொள்ளணும். ரிங்கை லைனரோடு அழுத்துவது அதன் சொந்த இழுவிசை மட்டும் இல்லை, டீசல் எரியும்போது வரும் கேஸ் ரிங்குக்குப் பின்னால் புகுந்து வெளிப்பக்கம் தள்ளுகிறதே, அதுதான் பெரிய அழுத்தம். ஐடிலிலும் காலி ஓட்டத்திலும் அது போதாது. ரிங் சும்மா வழுக்கிக்கொண்டிருக்கும், அதைத் தாண்டி மேலே வருகிற ஆயில் சூட்டில் காய்ந்து வார்னிஷ் அடித்த மாதிரி பள்ளங்களை மூடிவிடும். மெக்கானிக்குகள் நாங்கள் கிளேஸ் ஆகிவிட்டது என்று சொல்வது இதைத்தான். நன்றாகக் கிளேஸ் ஆன பிறகு லோடு ஏற்றிப் பிரயோஜனம் இல்லை, பிரித்து மறுபடி ஹோனிங் போட்டு ரிங் மாற்ற வேண்டியதுதான்.

வேறு இடத்தில் வேலை முடித்த ஒரு கிரானைட் லாரி இப்படித்தான் வந்தது. "ஆயிலைக் குடிக்குதுண்ணா, பழைய என்ஜினே தேவலை" என்றார் டிரைவர். என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதன் வாய்மேல் கவிழ்த்து வைத்தேன், குதித்துக் கீழே விழுந்தது, ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் கேஸ், அதாவது பிளோ-பை, அவ்வளவு. ஹெட்டைக் கழற்றினால் லைனரில் கோடே இல்லை, பளபளவென்று முகம் தெரிகிறது. எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டால், ரொம்பப் பத்திரமாக ஓட்டினோம் என்கிறார்!

சரி, எப்படித்தான் ஓட்டுவது? முதலில் டீசல் போகாமல் நிறுத்திவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும்வரை இடைவெளி விட்டு விட்டு செல்ஃப் அடிக்கணும், டர்போவும் பேரிங்கும் காய்ந்து சுற்றக்கூடாது. ஸ்டார்ட் ஆனதும் லீக் இருக்கிறதா, பிரஷர் நிற்கிறதா என்று பார்க்கச் சில நிமிடம் போதும். உடனே ரோட்டுக்கு எடுத்துவிடலாம். சூடு ஏறியதும் பாதியிலிருந்து முக்கால் லோடு வரை ஏற்றி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம் வழியாக தர்மபுரி வரை போய் வந்தாலே நல்ல ஆரம்பம். ஒரே வேகத்தில் காலை வைத்துக்கொண்டே போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டணும். மேட்டில் டாப் கியரிலேயே திணறவிடக்கூடாது, டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்து ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். ஓவர்லோடு வேண்டவே வேண்டாம், புது என்ஜினில் மட்டும் இல்லை, எப்போதுமே.

தர்மபுரியைத் தாண்டி வரும் தொப்பூர் கணவாய் இறக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லணும். புது என்ஜின் கஷ்டப்படக்கூடாது என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் இருக்கிறார்கள். கியரில் அளவான வேகத்தில் இறங்குவதால் என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. நியூட்ரலில் விட்டால் மொத்த எடையும் பிரேக் மேல்தான், டிரம் சூடேறினால் பிரேக் பிடிக்காது. அந்தக் கணவாயில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் விலை கூடிய சிந்தெடிக் ஆயில் தேவையில்லை, கம்பெனி சொல்லும் கிரேடில் சாதாரண மினரல் ஆயிலே போதும். முதல் ஆயிலையும் ஃபில்டரையும் 1,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்வேன், தேய்ந்த இரும்புத்தூள் அதில்தான் இருக்கும். டேப்பெட்டையும், அதாவது வால்வு இடைவெளியையும் அப்போதே ஒரு முறை பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றினோம் என்று டிரைவரை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கும், போகப்போக ஊற்றும் அளவு குறையணும். குறையவில்லை என்றால் ஆயிலில் கலக்கக் கடையில் விற்கும் மருந்தை வாங்கி ஊற்றாமல், நோட்டோடு வண்டியை வேலை செய்தவரிடம் கொண்டுபோங்கள்.